கிணறு கெட்டபின் காசா?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதும் கிணற்று நீர். வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பதும் அதுவே. அடியில் இருப்பதோ வெடிப்பு மலிந்த சுண்ணாம்புக் கல். மேலே கொட்டும் கழிவெண்ணெயை அது வடிகட்டாது. அயற்கிணறுகளுக்கு வழிதான் விடும். சுன்னாகத்திலே நடந்தது இதுதான். தனியார் மின் நிலையத்தின் கழிவால் கெட்ட கிணறுகளுக்காக 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் பணித்தது. தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால், காசைக் குடிக்க முடியுமா?

எண்ணெய் நீரிலே மிதக்கும் பொருள். கழிவுநீரைத் தொட்டியிலே தேக்கி, மிதப்பதை வழித்தெடுத்து, எஞ்சியதைச் சுத்திகரித்து வெளியே விடுவது பெரிய வித்தையன்று, செலவுதான். அச்செலவைக் கமக்காரன் தலையில் ஏற்றியவர்கள் யார்? இனி வடக்கிற்கு வரும் எந்த ஆலையும், புகைபோக்கி எழுப்புமுன் சுத்திகரிப்புத் தொட்டியைக் கட்டிக் காட்டட்டும். அதுவரை அனுமதிப் பத்திரத்தில் எந்த அதிகாரியும் கையொப்பமிடலாகாது என்கிறோம்.