வீட்டைத் தூக்கியது யார்?

'வீட்டை நாலடி தூக்கிட்டோம்' என்று பெருமையாகச் சொல்லும் ஆண்களைச் சென்னையிலும் கடலோர ஊர்களிலும் இப்போது நிறையப் பார்க்கிறேன். சொல்வதோடு நிற்பதில்லை, கைப்பேசியை நீட்டிப் படமும் காட்டுகிறார்கள். முதல் நாள், பத்தாம் நாள், வேலை முடிந்த நாள். அந்தப் படங்களைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

வீடுகள் பள்ளத்துக்குப் போவது ஏன் என்பது தெரிந்த கதை. பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போடுவதால் தெரு ஏறிக்கொண்டே போகிறது. மழைநீர் வாசற்படி தாண்டி உள்ளே வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் இன்னும் போகவில்லை. இடித்துக் கட்ட வசதியில்லாதவர்கள் பேஸ்மட்டத்தை உயர்த்துகிறார்கள். சுவரின் அடியைப் பகுதி பகுதியாக உடைத்து, ஜாக்கிகளை வரிசையாகப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகி வீட்டை மேலேற்றுகிறார்கள். இடைவெளியில் செங்கல் கட்டி, உள்ளே மண் கொட்டி நிரப்பி, புதுத் தரை போடுகிறார்கள். அபாரமான வேலைதான், மறுக்கவில்லை.

அந்த மண்ணைச் சுமந்தது யார்? படத்தில் ஜாக்கி இருக்கிறது, மேஸ்திரி இருக்கிறார், இடுப்பில் கைவைத்தபடி வீட்டுக்காரர் நிற்கிறார். சட்டி சுமந்த சித்தாள் இல்லை. இருந்தாலும் ஓரத்தில் பாதி முதுகாக இருக்கிறாள். மேஸ்திரியின் பெயரும் எண்ணும் வீட்டில் எல்லோரிடமும் உண்டு. அவள் வெறும் 'பொம்பளை ஆள்'. கையாளாக வந்த பையன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். இருபது ஆண்டு சுமந்த பெண்ணின் கைக்குக் கரண்டி வருவதில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இல் சட்டம் வந்தது. வேலைக்கே வேறு பெயர் வைத்துவிட்டால் அந்தச் சட்டம் என்ன செய்யும்?

கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996இல் வந்த மத்தியச் சட்டத்தை மாணவிகள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில்தான் அவர்களுடைய குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது அது. பத்து லட்ச ரூபாய்க்கு மிகாத செலவில் தன் சொந்தக் குடியிருப்பில் வேலை செய்விப்பவரை அந்தச் சட்டத்தின் வரையறையிலிருந்தே விலக்கிவைத்தது. இரண்டு சித்தாள்கள் வேலை செய்யும் வீட்டில், மணல் குவியலருகே சேலைத் தூளியில் தூங்கும் குழந்தை எந்தச் சட்டத்தின் கண்ணில் படும்? அங்கே கூலியும் கழிப்பறையும் வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்தவை.

வீட்டுக்குள் இருப்பவளுக்கு வருவோம். அடுப்பைக் கூடத்து மூலைக்கு நகர்த்தி, சிமெண்ட் தூசிக்கு நடுவே மூன்று வேளையும் சமைப்பவள் அவள். ஆட்களுக்கு இரண்டு வேளை டீ போடுபவள் அவள். காலையும் மாலையும் புதுச் சுவருக்கும் தரைக்கும் தண்ணீர் ஊற்றுபவளும் அவளே. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. ஈரத்தை உள்வாங்கித்தான் இறுகுகிறது. குறைந்தது ஒரு வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்காவிட்டால் எத்தனை மூட்டை கொட்டினாலும் விரிசல் விடும். வீட்டுக்காரரின் கணக்கு நோட்டில் சிமெண்ட் மூட்டை, கம்பியின் எடை, மண் லோடு எல்லாம் வரிவரியாக இருக்கின்றன. தண்ணீர் ஊற்றிய கைக்கு ஒரு வரி இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது? பல வீடுகளில் அவள் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும். அடகுச் சீட்டு அவள் பெயரில், பட்டா அவர் பெயரில். கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தானாலும், வீட்டை நடத்திய மனைவியின் உழைப்பும் அதில் பங்களிப்புதான், அவளுக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வரவேற்கிறேன். ஆனால் நீதிமன்றம்வரை போய் நிரூபித்தால்தான் கிடைக்கும் என்றால், நிரூபிக்க நம்மிடம் என்ன தாள் இருக்கிறது?

சரி, உயர்ந்ததாவது எல்லாமும் உயர்ந்ததா? எங்கள் தெருவில் தூக்கிய வீடுகளைச் சுற்றிப் பாருங்கள். கூடம் ஏறிவிட்டது, வண்டி நிறுத்தச் சரிவு போட்டாகிவிட்டது. கொல்லைப்புறத் துவைகல் பழைய பள்ளத்திலேயே கிடக்கிறது. மழை பெய்தால் கணுக்கால் நீரில் நின்று துவைத்துவிட்டு, ஈரத்துணி வாளியோடு புதிதாகக் கட்டிய ஆறு படிகளை ஏறிவர வேண்டும். இந்தப் படத்தை யாரும் எடுப்பதில்லை.

இது இன்று நேற்றுப் பழக்கமன்று. பத்தாம் நூற்றாண்டில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவி, கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் கண்டராதித்தரின் பெயரால் எழுப்பினார். பட்டத்தரசியே தன் பணியைக் கணவர் பெயரில் எழுத வேண்டியிருந்தது. அவருடைய பெயராவது கல்வெட்டில் நின்றது. அந்தக் கோயில்களுக்கு மண்ணும் நீரும் சுமந்த பெண்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

'குடும்பத்துக்குள் என்ன கணக்கு?' என்பார்கள். குடும்பத்துக்குள்தான் சிமெண்ட் மூட்டையை எண்ணினீர்கள், ஆணியைக்கூட எண்ணினீர்கள். எங்கள் வேலையை எண்ணும்போது மட்டும் பாசம் குறுக்கே வருகிறதா? 'கூலி கொடுத்தாச்சே, சித்தாளுக்குப் பெயர் எதற்கு?' என்று கேட்பவர்கள், கூலி வாங்கிய மேஸ்திரியின் பெயரை மட்டும் ஏன் ஊரெல்லாம் சொல்கிறார்கள்?

ஆகவே தோழியரே, வீட்டில் அடுத்த வேலை தொடங்கும்போது உங்களுக்கென்று ஒரு நோட்டு வாங்குங்கள். சித்தாளிடம் கேட்டு அவள் பெயரை எழுதுங்கள். அவளுக்கும் ஆண் ஆளுக்கும் கொடுத்த கூலியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசத்தைச் சம்பள நாளன்று வாய்விட்டுக் கேளுங்கள். எந்த நகை எந்தத் தேதியில் எவ்வளவுக்கு அடகு போனது என்று எழுதி, சீட்டின் நகலை ஒட்டுங்கள். நீங்கள் தண்ணீர் ஊற்றிய நாட்களையும் டீ போட்ட வேளைகளையும் எழுதுங்கள். படம் எடுக்கும்போது அவளையும் கூப்பிட்டு நடுவில் நிறுத்துங்கள். பிறகு அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டாவில் என் பெயர் எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை நோட்டை மூட வேண்டாம்.