வாடகைக் குறைவும் சுதந்திரமும்

நமது தேசத்துக் கம்பெனிகளும் பாங்கிகளும் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சொந்தக் கட்டடத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மறைந்து வருகிறது. அமெஸான், மைக்ரோஸாப்ட், கூகிள் என்னும் அமெரிக்கக் கம்பெனிகளின் யந்திரசாலைகளில் இடம் வாடகைக்குப் பிடித்து, அங்கேயே வேலையை நடத்துகிறார்கள். 'கிளவுட்' என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டில் முதல் போட வேண்டியதில்லை; மணிக்கணக்கில் வாடகை செலுத்தினால் போதும். ஆனால், இவற்றில் பெரியதான அமெஸான் தன் விலையை டாலரில் குறிக்கிறது. கட்டுவது ரூபாயானாலும் கணக்கு டாலரில்தான். ரூபாயின் மதிப்புச் சரியும்போதெல்லாம், வேலை கூடாமலே பில் மட்டும் கூடுகிறது. ஆகவே, இவ்வாடகையைக் குறைக்க வழியுண்டா என்னும் கேள்வியைக் கணக்குப்பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிடலாகாது. தேசத்தின் பொருள் நாடோறும் வெளியே செல்லும் விஷயம் இது.

வழியுண்டு. வாடகைக்கு எடுக்கும் யந்திரத்தின் பிராஸஸரை மாற்றுவதே அது. ஒவ்வொரு பிராஸஸரும் தனக்கென்று அமைந்த கட்டளைகளை மட்டுமே அறியும். தெலுங்கு மட்டும் அறிந்த வேலைக்காரனுக்கு மராத்தியில் உத்தரவிட்டுப் பயனில்லை அல்லவா? இக்கட்டளைத் தொகுதியின் அமைப்பையே நிபுணர்கள் 'ஆர்க்கிடெக்சர்' என்கிறார்கள். 1978-ம் வருஷம் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 8086 என்ற சில்லின் வமிசமான எக்ஸ்86 தான் நெடுங்காலம் யந்திரசாலைகளில் ஏகபோகமாக ஆண்டது. அதைச் செய்வோர் பிரதானமாக இன்டெல், ஏ.எம்.டி. என்னும் இருவரே. மற்றொரு வமிசம், 1985-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்த ஆர்ம். குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதால் அது கைப்போன்களில் குடியேறிற்று. பிறகு அமெஸான் கம்பெனி 2015-ல் இஸ்ரேலின் அன்னபூர்ணா லாப்ஸை விலைக்கு வாங்கி, 2018-ல் 'கிராவிட்டன்' என்ற தன் சொந்த ஆர்ம் பிராஸஸரை வாடகைக்கு விட்டது. மைக்ரோஸாப்ட் 2023-ல் 'கோபால்ட்' என்பதையும், கூகிள் 2024-ல் 'ஆக்ஸியான்' என்பதையும் அறிவித்துப் பின்தொடர்ந்தன.

லாபம் எவ்வளவு? அமெஸானின் வெர்ஜீனியா விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் பொருத்திய எம்5 லார்ஜ் யந்திரத்துக்கு மணிக்கு 0.096 டாலர், அதே அளவு ஞாபகசக்தியுள்ள கிராவிட்டன்2 பொருத்திய எம்6ஜி லார்ஜுக்கு 0.077 டாலர். வருஷம் முழுவதும் ஓடினால் முன்னதற்குச் சுமார் 841 டாலர், பின்னதற்குச் சுமார் 675 டாலர். நூறு யந்திரம் வைத்திருப்பவருக்கு வருஷத்தில் 16,000 டாலருக்குமேல் மிச்சம். மேலும், எம்5-ல் ஒரே கோரை இரண்டாகக் கணக்கிட்டு வாடகைக்கு விடுகிறார்கள்; கிராவிட்டனிலோ கணக்கிலுள்ள ஒவ்வொன்றும் முழுக் கோர். கொடுத்த காசுக்குக் கிடைக்கும் வேலை 40 வீதம் வரை கூடும் என்று அக்கம்பெனி சொல்லிக்கொண்டது. விற்பவன் தன் சரக்கைப் புகழ்வது இயல்பு. வாங்குபவன் தன் சொந்த வேலையை இரண்டிலும் ஓட்டி அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றம் சிரமமின்றி நடப்பதன்று. ஜாவா, பைத்தான் முதலியவற்றில் எழுதிய புரோகிராம்கள் பெரும்பாலும் எளிதில் இடம் பெயரும். ஸி போன்றவற்றில் எழுதியவற்றை மூலத்திலிருந்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மூலம் கைவசம் இல்லாமல் எவரிடமோ ஆயத்தமாக வாங்கிய பழைய சரக்கு இருந்தால், அங்கேதான் வண்டி நிற்கும். விண்டோஸை நம்பிய வேலைகளுக்குக் கிராவிட்டனில் இடமே இல்லை. இரண்டு மூன்று யந்திரம் மட்டும் வைத்திருப்பவருக்கு, மிஞ்சும் காசைவிட மாற்றும் கூலியே அதிகமாகிவிடக்கூடும்.

இவ்வளவும் சிக்கனத்தின் கணக்கு. சுதந்திரத்தின் கணக்கு வேறு. கிராவிட்டன் சில்லை எவரும் கடையில் வாங்க முடியாது. அமெஸானிடம் வாடகைக்குத்தான் பெறலாம். சொந்தக்காரன் வாடகையைக் குறைத்ததனால் வீடு குடியிருப்பவனுடையதாகிவிடாது. 2025 ஜூலையில் நடந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ருஷ்யக் கம்பெனியொன்று பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி என்னும் எண்ணெய்க் கம்பெனிக்கு, ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததைத் தொடர்ந்து, மைக்ரோஸாப்ட் தன் சேவையை நிறுத்திற்று. இந்தியாவில் இயங்கும் கம்பெனி, பணம் கொடுத்துப் பெற்ற சேவைக்காக டில்லி ஹைக்கோர்ட்டின் படியேற நேர்ந்தது. சேவை சில நாட்களில் திரும்பக் கிடைத்தது. ஆயினும் சாவி யார் கையில் இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிட்டது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை நமக்குப் புதிதல்ல.

அப்படியானால் இம்மாற்றத்தால் பயனில்லையா? பெரும்பயன் உண்டு, பலர் அதைக் கவனிக்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஒரு ஸ்தாபனம் தன் புரோகிராம்களை எக்ஸ்86-லிருந்து ஆர்முக்கு மாற்றும்போது, எந்தப் பகுதி எவருக்குக் கட்டுப்பட்டது என்பதை முதன்முறையாக அறிகிறது. இரண்டு ஆர்க்கிடெக்சரில் ஓடக் கற்ற புரோகிராம் மூன்றாவதற்குப் போவது அவ்வளவு கடினமன்று. அந்த மூன்றாவது தயாராகிக்கொண்டிருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் தொடங்கிய ரிஸ்க்-வி என்னும் கட்டளைத் தொகுதிக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி அவர்களின் குழுவினர் அதைக்கொண்டே 'சக்தி' பிராஸஸர்களை அமைத்தனர். அவற்றில் ஒன்று 2018-ல் சண்டிகரை அடுத்துள்ள சர்க்கார் சாலையில், 180 நானோமீட்டர் முறையில் உருவாயிற்று. கிராவிட்டன்3 தைவானில் 5 நானோமீட்டர் முறையில் செய்யப்படுவது. இரண்டையும் ஒப்பிட்டு நாம் வீண்பெருமை பேச விரும்பவில்லை. தூரம் வெகு தூரம். ஆனால் நாளை சுதேசி யந்திரம் வாசலில் வந்து நிற்கும்போது, நமது புரோகிராம்கள் அதில் ஓட மறுக்குமானால் அக்குற்றம் எவருடையது?

ஆகையால் நாம் கூறுவது இதுவே. வாடகையைக் குறைக்க முடிந்தவர்கள், அளந்து பார்த்து, இன்றே குறைத்துக்கொள்ளட்டும். மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கையேனும் புரோகிராம்களை எந்தப் பிராஸஸருக்கும் அடிமையாகாதபடி திருத்துவதில் செலவிடட்டும். சர்க்காரோ, பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு புரோகிராமும் குறைந்தது இரண்டு ஆர்க்கிடெக்சரில் ஓட வேண்டும், அதன் மூலம் சர்க்கார் கைக்கு வர வேண்டும் என்று டெண்டரில் நிபந்தனை விதிக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம்; உறுதி வேண்டும். குறைந்த வாடகை இவ்வருஷத்து லாபம். விரும்பிய அன்று வீடு மாறும் வல்லமையே நிலைத்த லாபம்.