பெட்டி கட்டுவது தயாரிப்பு ஆகாது

பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறான் என்றால் நம் வீடுகளில் முதலில் வாங்குவது பெட்டி. அடுத்தது குளிர்ச்சட்டை. அதற்கடுத்து அம்மா வறுத்து அரைக்கும் மிளகாய்த்தூள், நெத்திலிச் சம்பால், ஊறுகாய், ரைஸ் குக்கர். பிறகு மண்டபம் பிடித்து ஒரு விருந்து. மேடையில் மாலை, பொன்னாடை, 'எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர்' என்று பதாகை. பிள்ளை இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் டாக்டர்! கடைசியில் கே.எல்.ஐ.ஏ.வில் இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்கள், அழுகை, படம்.

இத்தனையும் முடிந்த பிறகு, "எல்லாத் தயாரிப்பும் செய்து அனுப்பிவிட்டோம்" என்கிறோம். இதில் தயாரிப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி. பெட்டி கட்ட ஒரு வாரம் போதும். உண்மையான தயாரிப்புக்கு ஓராண்டு வேண்டும். அது ஒரு காகிதத்தில், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கணக்கை எழுதுவதில் தொடங்குகிறது. அதைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை. பிள்ளைக்கு முன்னால் காசு பேசுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறோம்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் முகப்பில். பிள்ளைக்குப் பணம் அனுப்ப வரும் பெற்றோரைத் தினமும் பார்த்தேன். முதலாண்டு சிரித்துக்கொண்டு வருவார்கள். இரண்டாம் ஆண்டு அன்றைய விகிதம் என்ன என்று கேட்டுவிட்டுப் படிவத்தை எடுப்பார்கள். மூன்றாம் ஆண்டு விகிதத்தைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வரேண்ணே" என்று திரும்பிப் போவார்கள். நாளைக்கு விகிதம் இறங்கிவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

1997-ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலர் ஏறக்குறைய இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 88 காசைத் தொட்டது. பத்தாயிரம் டாலர் கல்விக் கட்டணம் 25,000 வெள்ளியிலிருந்து ஆறே மாதத்தில் 49,000 வெள்ளியை நெருங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டிப் போட்ட பிறகுதான் பல தகப்பன்மாருக்கு மூச்சு வந்தது. அதற்குள் பாதிப் படிப்பில் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு. நகைக்கடைக்கும் எங்கள் முகப்புக்கும் நடையாய் நடந்த தாய்மாரும் உண்டு.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2014 ஆகஸ்டில் டாலர் 3 வெள்ளி 20 காசு அளவில் இருந்தது. அப்போது விமானம் ஏறிய பிள்ளை இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டும்போது 4 வெள்ளியைத் தாண்டிவிட்டது. 2024 பிப்ரவரியில் 4 வெள்ளி 80 காசு வரை போய், 1998-ஐ நமக்கு நினைவூட்டியது. ஆனாலும் இன்றும் நம்மவர்கள் கணக்குப் போடுவது முகவர் கொடுத்த தாளில் உள்ள அன்றைய விகிதத்தில்தான். மூன்றாண்டுப் படிப்புக்கு இன்றைய விகிதத்தில் கணக்குப் போடுவது, மழைக்காலத்துக்குக் கூரையை வெயிலில் நின்று அளப்பது போல. என் கணக்கு இது: மொத்தச் செலவை எழுதி, அதன் மேல் இருபது விழுக்காடு கூட்டுங்கள். கூட்டிய தொகை கைக்கு எட்டவில்லையா? அந்தப் படிப்பு அந்த நாட்டில் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. இதை இப்போதே தெரிந்துகொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொள்வதுதான் அவமானம்.

அடுத்து, கட்டணம் மட்டும் செலவு அல்ல. பிரிட்டனுக்குப் போகும் மாணவர் விசாவோடு மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுன் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்றாண்டுப் படிப்பு என்றால் 2,300 பவுனுக்குக் குறையாது, அதுவும் ஒரே தவணையில். ஆஸ்திரேலியாவோ 2024 மே மாதத்திலிருந்து, படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் கைவசம் இருக்க வேண்டும் என்கிறது. மாணவருக்கான மருத்துவக் காப்புறுதி தனி. இவை எதுவும் ரகசியமில்லை. அந்தந்த அரசாங்கங்களே வெளியிட்டிருப்பவை. படிக்கத்தான் ஆளில்லை.

பிரிட்டன் விசாவுக்குத் தேவையான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. நம் ஆட்களின் சாமர்த்தியம் இங்கேதான் வெளிப்படும். மச்சானிடம் வாங்கி, சம்பந்தியிடம் வாங்கி, 28 நாள் கணக்கில் வைத்துவிட்டு, 29-ஆம் நாள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். யாரை ஏமாற்றுகிறோம்? அந்தத் தொகை இல்லாமல் ஒரு பிள்ளை அங்கே குடித்தனம் நடத்த முடியாது என்று அனுபவத்தில் கண்டுதான் அந்த விதியை வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளையின் சாப்பாட்டைத்தான் நாம் ஏமாற்றுகிறோம்.

"அங்கே போய் பார்ட் டைம் வேலை செய்து சமாளித்துக்கொள்வான்" என்பது அடுத்த பல்லவி. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். மீறினால் விசாவுக்கே ஆபத்து. அந்தச் சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவு ஓடும், கட்டணம் ஓடாது. கட்டணத்துக்கும் சேர்த்து உழைக்கத் தொடங்கும் பிள்ளை இரவெல்லாம் உணவகத்தில் தட்டு கழுவிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கும். எங்கள் முகப்புக்கு மாதம் தவறாமல் வந்த ஒரு தகப்பனாருக்கு, மகன் ஓராண்டாக வகுப்புக்கே போகவில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. வீட்டில் காசுக்குக் கஷ்டம் என்று மகனுக்குக் காற்றுவாக்கில் தெரிந்திருக்கிறது. எவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. அவனாகவே வேலைக்குப் போனான், பாடத்தில் தோற்றான், மறைத்தான். கணக்கைத் திறந்து பேசாத வீட்டில் பொய் இப்படித்தான் நுழைகிறது.

இதைப் படிக்கும் பலர் என் வயதுக்காரர்கள். உங்களுக்கென்று ஒரு வார்த்தை. பிள்ளையின் படிப்புக்காகச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அனுமதி உண்டு. முன்பு இரண்டாம் கணக்கு என்றார்கள், 2024 மே முதல் அதற்கு அக்காவுன் செஜாத்ரா என்று பெயர். அனுமதி இருக்கிறது என்பதற்காகத் துடைத்து எடுக்க வேண்டும் என்பதில்லை. 55 வயதில் எடுத்த பணத்தைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, மருந்துக்கு மருமகள் முகத்தைப் பார்த்து நிற்கும் தாத்தாக்களை எனக்குத் தெரியும். கொடுங்கள், ஆனால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். வீட்டை அடகு வைப்பதும், வட்டி முதலைகளிடம் கையெழுத்துப் போடுவதும் பாசம் ஆகாது. அந்தக் கடன் பிள்ளை பட்டம் வாங்கி வரும்போது வாசலில் அவனுக்கு முன்னால் நிற்கும்.

பணத்துக்கு அடுத்தது பட்டம். எந்தப் பட்டம், இங்கே செல்லுமா? 2005-இல் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் ரத்து என்ற அறிவிப்பு வந்தபோது நம் சமுதாயம் பட்டபாடு உங்களுக்கு நினைவிருக்கும். அது சரியா தவறா என்று இப்போது வாதிட வேண்டாம். அங்கீகாரம் என்பது கொடுக்கவும் எடுக்கவும் கூடிய ஒன்று என்ற பாடம் போதும். மருத்துவம் என்றால் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் உள்ள பட்டியலை மலேசிய மருத்துவ மன்றத்திடம் நீங்களே பாருங்கள். சட்டம் என்றால், பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ சட்டப் பட்டம் பெற்று வந்ததும் இங்கே வழக்கறிஞராகிவிட முடியாது. பெரும்பாலோர் இங்கு வந்து சி.எல்.பி. என்ற தேர்வை எழுதித் தேற வேண்டும். அதற்கும் ஓராண்டு, அதற்கும் செலவு. பொறியியல் என்றால் அந்தப் படிப்பு வாஷிங்டன் உடன்படிக்கையின்கீழ் தரச்சான்று பெற்றதா என்று பாருங்கள். மலேசியா 2009 முதல் அதில் முழு உறுப்பு நாடு. அரசாங்க வேலை ஆசை இருந்தால் பொதுச் சேவைத் துறையிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"முகவர் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லாதீர்கள். முகவர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நன்றாக வழிகாட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் கொடுப்பது பல்கலைக்கழகம். மீன் விற்பவரிடம் இன்று கறி எடுக்கட்டுமா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

மூன்றாவது, பிள்ளை. பதினெட்டு வயதுவரை தட்டில் போட்டுக் கொடுத்து, துணி துவைத்துக் கொடுத்து, டியூஷனுக்குக் காரில் ஏற்றி இறக்கிவிட்டு, ஒரே இரவில் அவனை மான்செஸ்டரில் தனியாக நிறுத்துகிறோம். ஆண்பிள்ளை அடுப்படிக்கு வரக் கூடாது என்று வளர்த்த பாட்டிமார்களும் இதற்குப் பொறுப்பு. ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்தவர்கள் அதில் தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது என்று சொல்லித் தரவில்லை. சம்பால் போத்தலைக் கொடுத்தவர்கள், ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் கொண்டுபோன உணவுப் பொருளையெல்லாம் அட்டையில் குறித்துச் சொல்ல வேண்டும், மறைத்தால் அபராதம் என்று சொல்லித் தரவில்லை.

புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பு ஒத்திகை தொடங்குங்கள். ஒரு மாதச் செலவுப் பணத்தை முதல் தேதி பிள்ளையின் கையில் கொடுங்கள். சாப்பாடு, பெட்ரோல், தொலைபேசி எல்லாம் அதற்குள். இருபதாம் தேதி தீர்ந்துவிட்டால் மறுபடி கொடுக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் குடும்பத்துக்கே அவன் சமைக்கட்டும். சோறு, பருப்பு, ஒரு முட்டைக் குழம்பு, ஒரு கீரை, போதும். தனியாகக் கிளினிக்குக்குப் போய் வரட்டும். ஆஸ்துமா போன்ற தொல்லை இருந்தால் மருந்தின் வணிகப் பெயரை விட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கட்டும். இங்கே விற்கும் பெயர் அங்கே இருக்காது. தடுப்பூசிப் பதிவு, சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய நகல்கள், கடப்பிதழ் எப்போது காலாவதியாகிறது என்ற தேதி, இவற்றை ஒரே கோப்பில் அவனே அடுக்கட்டும், அம்மா அல்ல.

கடைசியாக அப்பா ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். "பாடத்தில் தோற்றால் முதலில் எனக்குச் சொல். நான் கத்தமாட்டேன்." நம் வீட்டுத் தகப்பன்மாருக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினமான தயாரிப்பு.

சிலர் சொல்வார்கள்: "தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் பெற்றோர் இத்தனை கணக்கா பார்த்தார்கள்? ஆட்டை விற்று, தாலியை அடகு வைத்துப் படிக்க வைக்கவில்லையா?" வைத்தார்கள். அந்தக் கைகளை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை என்பது பொய். அவர்களைப் போல் கணக்குப் பார்த்தவர்கள் இல்லை. எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஒரு தகரப் பெட்டியோடு சென்னைக்குப் படிக்கப் போனவர்களைக் கேளுங்கள். எந்த நகை எந்தக் கடையில் இருக்கிறது, எப்போது மூழ்கும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மாதம் ஒரு கடிதத்தில் செலவுக் கணக்கு எழுதி அனுப்புவார்கள். தெரிந்ததால்தான் படித்தார்கள். நாம் அவர்களிடமிருந்து தியாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டோம்.

வெளிநாட்டுக்கே அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எழுத வேண்டாம். தகுதியும் பணமும் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் 1998-இல் வந்த மோனாஷ், 2000-இல் வந்த நாட்டிங்ஹாம் போன்ற கிளை வளாகங்கள் இங்கேயே இருக்கின்றன. இரண்டாண்டு இங்கே, ஓராண்டு அங்கே என்ற படிப்புகளும் உண்டு. மூன்றாண்டும் இங்கேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கும் வழியும் உண்டு. விமான நிலையத்தில் எடுக்கும் படம் ஒன்றுதான் கிடைக்காது.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வழியனுப்பு விருந்துக்கு அழைப்பு வந்தால், மொய் எழுதுவதற்கு முன் அந்தத் தகப்பனைத் தனியாக அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி ஆண்டுக் கட்டணம் எங்கிருந்து வரும்? பட்டம் செல்லும் என்று நீயே பார்த்தாயா? உன் வரவு செலவு பிள்ளைக்குத் தெரியுமா? கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பொன்னாடை போர்த்த நூறு பேர் இருப்பார்கள். இதைக் கேட்க ஒரு பெரியவர் வேண்டாமா?