மறுபடி எடுத்த படமும் மீட்டெடுத்த படமும்

அம்பத்தூர் வாசகி ஒருவர் இரண்டு கேள்விகள் எழுதியனுப்பியுள்ளார். தவக்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குப் ‘பென்ஹர்’ படத்தைக் காட்ட விரும்புகின்றாராம். அப்பெயரில் 1959-ஆம் ஆண்டுப் படமும் இருக்கின்றது, 2016-ஆம் ஆண்டுப் படமும் இருக்கின்றது, எதைக் காட்டுவது? இது முதற் கேள்வி. பூந்தமல்லியில் வாழ்ந்து மறைந்த அவருடைய மைத்துனர், பங்கு பங்காகச் சென்று 16 மி.மீ. கருவியில் பக்திப் படங்கள் காட்டியவர். அவர் வீட்டுப் பரணில் நான்கு தகரப் பெட்டிகள் கிடைத்துள்ளன. திறந்தால் காடி நாற்றம் அடிக்கின்றது, எறிந்துவிடலாமா? இது இரண்டாவது.

‘பென்ஹர்’ உண்மையில் இரண்டல்ல. 1925-இலேயே அது மௌனப் படமாக வந்துவிட்டது. அதன் தேரோட்டக் காட்சியில் உதவியாளராய் வேலை செய்த வில்லியம் வைலர்தாம் பின்னர் 1959-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கினார். அது பதினொரு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அப்படத்தில் இயேசுவின் முகம் ஒருமுறையும் காட்டப்படுவதில்லை. அவர் தண்ணீர் கொடுக்கும்போது, தடுக்க வந்த உரோமைப் போர்வீரனின் முகம் மாறுவதை மட்டுமே காண்கின்றோம். 2016-ஆம் ஆண்டுப் படத்தில் முகமும் உண்டு, பேச்சும் உண்டு. ஆனால் அந்த அமைதி இல்லை. ஆகவே அம்மா, 1959-ஐயே காட்டுங்கள். அதிலும் 2011-இல் வெளிவந்த மீட்டெடுத்த பதிப்பாகப் பாருங்கள். 65 மி.மீ. மூல நெகடிவிலிருந்து எடுக்கப்பட்ட பதிப்பு அது. பழைய தொலைக்காட்சிப் பிரதிகளில் இரு பக்கமும் வெட்டுண்டு, நான்கு குதிரைகளில் இரண்டே தெரிந்த அவலம் அதில் இல்லை.

மறுபடி எடுப்பது குற்றமன்று. கதை எல்லோருக்கும் பொது. ஆனால் புதியது வந்ததும் பழையதைக் கொல்ல நினைத்தவர்களும் உண்டு. ‘கேஸ்லைட்’ என்னும் ஆங்கிலேயப் படம் 1940-இல் வந்தது. எம்.ஜி.எம். நிறுவனம் அக்கதையை வாங்கி 1944-இல் மறுபடி எடுத்தபோது, முந்தைய படத்தின் நெகடிவை அழித்துவிட முயன்றது. நல்ல வேளை, பழையது பிழைத்துக்கொண்டது.

நம் ஊரிலோ நேர்மாறாக நடந்தது. நாடக மேடைகளில் புகழ்பெற்ற ‘ஞானசௌந்தரி’யை 1948-இல் இருவர் ஒரே சமயத்தில் படமாக்கினர். கீழ்ப்பாக்கம் சிட்டாடல் நிறுவனத்தாரின் படத்தில் எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தனர். தேவமாதாவை நோக்கி அதில் ஒலித்த மன்றாட்டு இன்றும் நம் வீடுகளில் பாடப்படுகின்றது. மற்றப் படம் ஜெமினியுடையது. சிட்டாடலின் படமே சிறந்தது என்று கண்ட எஸ்.எஸ். வாசன், தம் படத்தை விரைவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வளவு பெரிய முதலாளி அப்படிச் செய்தது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம்.

மீட்டெடுப்பது வேறு தொழில். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். மூன்று மணி நேரப் படமென்றால் ஏறக்குறைய 2,59,000 சட்டங்களில் கீறலையும் தூசியையும் நீக்கவேண்டும். 1964 பொங்கலுக்கு வந்த பந்துலுவின் ‘கர்ணன்’ இவ்வாறு புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் திரைக்கு வந்து நூறு நாள்களுக்கு மேல் ஓடியது. சிவாஜியைத் தொலைக்காட்சிப் பெட்டியில் மட்டுமே கண்டிருந்த இளைஞர்கள் திரையரங்கில் கைதட்டினார்கள். எனினும் ஒன்று சொல்லவேண்டும். மீட்பவர்க்கு அடக்கம் வேண்டும். ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’வை 1996-இல் மீட்டவர்கள் காலடியோசை முதலியவற்றைப் புதிதாய்ப் பதிந்து சேர்த்தனர், மூலத்தை அறிந்த இரசிகர்கள் முகம் சுளித்தனர். சதுரத்தை ஒட்டிய பழைய படத்தை அகன்ற திரைக்காக மேலும் கீழும் வெட்டினாலும் இதே கதைதான். நடிகரின் நெற்றி போய்விடும்.

மீட்பதற்கு முதலில் சுருள் இருக்கவேண்டுமே! முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. கறுப்பு வெள்ளைச் சுருள்களிலுள்ள வெள்ளிக்காகவே எத்தனையோ படங்கள் கரைக்கப்பட்டன.

இனி அந்தத் தகரப் பெட்டிகள். எறியாதீர்கள். 16 மி.மீ. சுருள், பழைய நைட்ரேட் சுருளைப்போல் தீப்பற்றி வெடிப்பதில்லை. காடி நாற்றம் அசிட்டேட் சிதையத் தொடங்கியதற்கு அடையாளம். சென்னை வெயிலும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். நாற்றமடிக்கும் சுருளை மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள், அந்த ஆவி நல்ல சுருளையும் கெடுக்கும். பரணிலிருந்து இறக்கி, வீட்டில் மிகவும் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆசைப்பட்டுக் கருவியில் மாட்டி ஓட்டிப் பார்க்கவேண்டா. சுருங்கிய சுருள் பற்சக்கரத்தில் கிழிந்துவிடும். பெட்டியின்மேல் உள்ள எழுத்துகளை அப்படியே படியெடுத்து, புனேயில் 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். மைத்துனர் எந்தெந்தப் பங்கில் எந்தப் படத்தைக் காட்டினார் என்று நினைவுள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அதையும் ஒரு தாளில் குறித்துப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே ஒட்டுங்கள்.