கைத்தொழிலுக்குப் பிறப்பு தகுதியாகக் கூடாது

தச்சும் நெசவும் ஓவியமும் பள்ளிக்கூடத்தில் பிறந்தவை அல்ல. வீட்டிலும் பட்டறையிலும் தலைமுறைகளாகக் கைமாறி வந்தவை. இந்த மரபு திறனை வளர்த்தது. யார் எதைக் கற்கலாம் என்ற வேலியையும் அதுவே போட்டது.

புணேயை ஒட்டிய தாபோடியில் 1828-இல் பம்பாய் அரசு ஒரு தாவரவியல் தோட்டம் அமைத்தது. அதன் பொறுப்பிலிருந்த மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சனுக்காக 1847 முதல் 1850 வரை வரையப்பட்ட 171 செடி ஓவியங்கள் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் உள்ளன. அவற்றை வரைந்தவர் போர்த்துகீசிய இந்தியர் என்பது தெரியும். அவருடைய பெயர் தெரியாது. உழைத்த கையை அறிவாளியின் கையாக அன்றைய சமூகம் மதிக்கவில்லை.

அதே காலத்தில், 1848-இல், சில மைல் தள்ளி புணே நகரின் பிடே வாடாவில் சமூக சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். பாடம் நடத்தப் போன சாவித்திரிபாய் மீது சாணத்தை வீசியவர்கள் மரபின் பெயரால்தான் வீசினார்கள். உழவர் கட்டும் வரி மேல்தட்டினரின் படிப்புக்குப் போகிறது என்று 1882-இல் கல்வி நிலையை ஆராய்ந்த ஹண்டர் குழுவிடம் சுட்டிக்காட்டிய ஜோதிராவ் புலே, குறைந்தது 12 வயது வரை கட்டாயக் கல்வி கேட்டார்.

தமிழகத்துக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்ன ராஜாஜியின் 1953-ஆம் ஆண்டுத் திட்டம் ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டது. 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. குழந்தைகளை வகுப்பறையில் தக்கவைத்த அந்த முடிவு சரியானது.

இந்த அனுபவத்துக்குப் பிறகும், 2023-இல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் குடும்பவழிப் பாரம்பரியத் தொழில் என்ற நிபந்தனையோடு வந்தது. கருவிக்கு 15,000 ரூபாயும் பயிற்சியும் மலிவு வட்டிக் கடனும் கைவினைஞருக்கு மிகவும் தேவை; அவற்றைக் குறை சொல்ல முடியாது. குறை அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. அதை நீக்கவும் குறைந்தபட்ச வயதை 18-இலிருந்து 35 ஆக உயர்த்தவும் தமிழக அரசு கேட்டது. அந்தக் கோரிக்கையை ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். குயவர் வீட்டுப் பெண் கணினி படிக்கவும், எந்த வீட்டுப் பிள்ளையும் சக்கரத்தில் அமர்ந்து பானை வனையவும் ஒரே திட்டம் இடம்தர முடியும். பதினெட்டு வயது கல்லூரியில் சேரும் வயது. அந்த வயதில் அரசு முதலில் நீட்ட வேண்டியது படிப்புதவியே, தொழில் கடன் அன்று.