எட்டாத தரை: நெடும்பயண மோட்டார் சைக்கிளும் சராசரி இந்திய உடலும்

நெடும்பயண மோட்டார் சைக்கிள்களைப் பற்றிய உரையாடல்களில் ‘உயரம் குறைந்த ஓட்டுநர்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. அத்தொடர் ஒரு விதிவிலக்கைச் சுட்டுவதாகவே பெரும்பாலோர் கொள்கின்றனர். வண்டி இயல்பாக இருக்கிறது, உடலில்தான் குறை, ஆகவே உடலுக்குப் பரிகாரம் தேட வேண்டும் என்பது அதன் உட்பொருள். இந்த எடுகோளை எண்களோடு ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ.; ஆண்களுடையது ஏறத்தாழ 165 செ.மீ. ஒருவருடைய உள்கால் நீளம், அதாவது கவட்டிலிருந்து தரை வரையிலான அளவு, தோராயமாக உயரத்தில் 45 விழுக்காடு. இதன்படி சராசரிப் பெண்ணுக்கு 68 செ.மீ., சராசரி ஆணுக்கு 74 செ.மீ. கிடைக்கிறது. இனி வண்டிகளின் பக்கம் வரலாம். 2023இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இன் இருக்கை உயரம் 825 மி.மீ. சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 835 மி.மீ. 2020இல் இந்தியாவுக்கு வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சர் 855 மி.மீ. ஓட்டுநர் அமர்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கும் அளவையும் காலணியின் அடித்தட்டையும் கழித்த பிறகும், சராசரி இந்திய ஆண்கூட இவ்வண்டிகளில் இரு பாதங்களையும் முழுமையாகத் தரையில் பதிக்க முடியாது. பெண்ணின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆக, விதிவிலக்கு என்று சுட்டப்படுபவர் இந்நாட்டின் சராசரி மனிதரே.

தரவு இல்லை என்ற சாக்கும் இதற்கில்லை. தேப்குமார் சக்கரவர்த்தியின் இந்திய உடலளவைத் தொகுப்பை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே வெளியிட்டுவிட்டது. வடிவமைப்பு பயிலும் மாணவர்களின் மேசைகளில் அந்நூல் இருக்கிறது. விற்பனைக் கூடத்து வண்டிகளில் அதன் தடயத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆயினும் உயரத்தை வெறும் அலட்சியமென்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. கரடுமுரடான பாதைக்கென வகுக்கப்படும் வண்டிக்குப் பெரிய முன்சக்கரம் வேண்டும். சக்கரம் மேலும் கீழும் அசைய நீண்ட இடம் வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதி பாறையில் இடிக்காதிருக்கத் தரை இடைவெளி வேண்டும். ஹிமாலயன் 450இல் சக்கரத்தின் அசைவு 200 மி.மீ., தரை இடைவெளி 230 மி.மீ. இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பிறகே இருக்கை வருகிறது. உயரத்துக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தின் விலையை யார் செலுத்துகிறார் என்பதே இங்கு வினா.

அந்த விலை ஓடும்போது தெரிவதில்லை, நிற்கும்போதுதான் தெரிகிறது. இமாசலப் பிரதேசத்தில் சத்ருவிலிருந்து பாதல் வழியாக ஸ்பிட்டிக்குச் செல்லும் பாதையை எண்ணிப் பார்க்கலாம். தார் என்பதே அரிதான பாதை அது. பனியாற்று நீர் குறுக்கே ஓடும். நண்பகலுக்குப் பின் பனி உருக உருக அந்நீர் பெருகும். நீருக்கடியில் தலையளவுக் கற்கள் கிடக்கும். முன்னே சென்ற லாரி திடீரென நின்றுவிட்டால் பின்னே வருபவரும் ஓடை நடுவே நிற்க வேண்டும். உயரமானவர் இரு கால்களையும் ஊன்றிக்கொள்கிறார். மற்றவரோ ஒரு காலின் நுனிவிரலால் கண்ணுக்குத் தெரியாத கல்லொன்றைத் தேடுகிறார். வண்டி 196 கிலோ; மூட்டைகளோடு 215ஐத் தாண்டும். ஓட்டுநர் 55 கிலோ. தன்னைப்போல் நான்கு மடங்கு எடையுள்ள பொருள் ஒருமுறை குறிப்பிட்ட சாய்வைக் கடந்துவிட்டால், எந்தத் திறமையும் அதைத் தாங்கிப் பிடிக்காது.

இவ்விடத்தில்தான் ‘எல்லாம் பயிற்சியில் இருக்கிறது’ என்னும் அறிவுரை வந்து நிற்கும். அதில் உண்மை இல்லாமலில்லை. நிறுத்துமுன் இடுப்பை இருக்கையின் ஓரத்துக்கு நகர்த்தி இடக்காலை மட்டும் முழுமையாக ஊன்றுவதும், வலக்காலைப் பின்பிரேக்கிலேயே வைத்திருப்பதும், சாலையின் மேடான பக்கம் காலுக்கு வருமாறு நிற்குமிடத்தைத் தேர்வதும், சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஃபுட்ரெஸ்ட் மீது ஏறி அமர்வதும் கற்றுக்கொள்ளத்தக்கவை. உயரம் குறைந்தவர்கள் பல பத்தாண்டுகளாக இவ்வாறே ஓட்டிவருகின்றனர். ஏறத்தாழ 160 செ.மீ. உயரமே உடைய டானி பெட்ரோசா மோட்டோஜிபி பந்தயங்களை வென்றதும் தவறாமல் மேற்கோளாக வரும். ஆனால் பந்தயத் தடத்தில் எவரும் ஓடை நடுவே நிற்க வேண்டியதில்லை. பயிற்சி தேவை. பயிற்சியை மட்டும் பரிந்துரைப்பது, வடிவமைப்பின் பொறுப்பை ஓட்டுநரின் தன்னம்பிக்கைக் கணக்கில் எழுதிவிடுவதாகும்.

எனவே தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது இருக்கை உயரமன்று, எடை. இது பலருக்கு வியப்பளிக்கலாம். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸின் இருக்கை ஹிமாலயனைவிட 10 மி.மீ. உயரம், எடையோ 167 கிலோதான். நுனிக்காலில் நிற்பவருக்கு அந்த 29 கிலோ வேறுபாடு ஒரு சென்டிமீட்டரைவிட மிகப் பெரியது. இரண்டாவது, இருக்கையின் முன்பகுதி அகலம். விவரப்பட்டியலில் இது இடம்பெறுவதே இல்லை. தொடைகள் விரிய விரியக் கால் தரையை நோக்கி நேராக இறங்காமல் பக்கவாட்டில் போகிறது. ஒரே உயரமுள்ள இரு இருக்கைகளில் ஒன்று எட்டுவதும் மற்றொன்று எட்டாததும் இதனால்தான். வண்டியைக் காணச் செல்பவர் பயணத்தில் அணியவிருக்கும் பூட்ஸோடு செல்ல வேண்டும். அமர்ந்து பார்த்தால் போதாது. இறங்கி நின்று அதைப் பின்னோக்கித் தள்ளியும் பார்க்க வேண்டும்.

பயணம் முழுவதும் தார்ச்சாலை என்றால் இந்த அல்லலுக்கே அவசியமில்லை. மீட்டியார் 350இன் இருக்கை 765 மி.மீ.; பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220இனுடையது 737 மி.மீ. மட்டுமே. கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை இவற்றில் செல்வதில் எந்த இழுக்கும் இல்லை. ‘உண்மையான பயணி’ உயரமான வண்டியில்தான் செல்வார் என்பது விளம்பரம் கட்டிய கதை. ஆனால் ஸ்பிட்டியில் கள ஆய்வு செய்யும் மாணவியிடம் தாழ்ந்த குரூசர் வண்டியைக் காட்டி ‘உனக்கு இதுதான்’ என்பதும் ஒருவகை வழிமறிப்பே. அவர் போகும் பாதைக்கு 170 மி.மீ. தரை இடைவெளி போதாது.

உயரமான வண்டியைத்தான் வாங்க வேண்டுமென்றால், அதைத் தனக்கேற்பத் திருத்துவதில் வரிசை முக்கியம். செலவற்றதிலிருந்து தொடங்கலாம். தொழிற்சாலை ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் கனமான ஓட்டுநரை மனத்தில் கொண்டவை. 55 கிலோ ஓட்டுநர் அமரும்போது அவை போதிய அளவு அமுங்குவதில்லை. குட்டையானவர் இலேசானவராகவும் இருப்பதால் இருமுறை தண்டிக்கப்படுகிறார். பின்புறப் பிரீலோடைக் குறைத்தாலே கால் சற்றுக் கீழிறங்கும். பின்னால் மூட்டை ஏற்றியபின் அதே அமைப்பில் ஓட்டினால் குழிகளில் இடிபடும் என்பதையும் மறக்கலாகாது. கிளட்ச், பிரேக் லிவர்களைச் சிறிய கைகளுக்கு நெருக்குவதும் ஹேண்டில்பாரைச் சற்றுப் பின்னிழுப்பதும் சிறு வேலைகள். நாள் முழுதும் தோள்வலியின்றி ஓட்ட அவை உதவும்.

அடுத்தது இருக்கை. ஹிமாலயன் 450க்கு 805 மி.மீ. தாழ்ந்த இருக்கை நிறுவனத்திடமே கிடைக்கிறது. இல்லாத வண்டிகளுக்கு டெல்லி கரோல் பாக் போன்ற இடங்களில் இருக்கைப் பஞ்சைச் செதுக்கித் தருவோர் உண்டு. நடுப்பகுதியை ஆழமாக வெட்டுவதைவிட முன்பகுதியின் பக்கங்களைச் சீவுவதே நற்பயன் தரும். கால் நேராக இறங்கும், அமருமிடத்துப் பஞ்சும் மிஞ்சும். நடுவில் அளவுக்கு மீறி வெட்டினால் சில மணி நேரத்தில் அடித்தகடு எலும்பில் உறுத்தத் தொடங்கும். பழைய இருக்கையைப் பத்திரமாக வைத்துவிட்டு வேறொன்றை வாங்கிச் செதுக்குவது விவேகம்.

கடைசிப் புகலிடமாகவே லோயரிங் லிங்க்கை அணுக வேண்டும். நடைமுறையில் அதுவே முதலாவதாக விற்கப்படுகிறது. பின்சக்கர சஸ்பென்ஷனின் இணைப்புத் தகடுகளை மாற்றிப் பின்பகுதியை 25, 30 மி.மீ. இறக்குவது எளிது. ஆனால் பின்புறம் மட்டும் இறங்கினால் முன்ஃபோர்க்கின் சாய்வு கூடி வளைவுகளில் வண்டி சோம்பும். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே ஃபோர்க் குழாய்களையும் அதற்கேற்ப மேலே நகர்த்த வேண்டும். சைடு ஸ்டாண்டை வெட்டிச் சிறிதாக்காவிட்டால் வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும். கடந்து செல்லும் பேருந்தின் காற்றே அதைத் தள்ளிவிடப் போதும். செயினின் தொய்வையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபின் எந்தத் தரை இடைவெளிக்காக அந்த வண்டி வாங்கப்பட்டதோ அதிலேயே ஒரு பங்கு போயிருக்கும்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. உடற்குறை உடையவர்களுக்காகத் தகவமைக்கப்பட்ட வாகனத்தை அதே சட்டம் ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் 147 செ.மீ. அல்லது அதற்குக் குறைவான உயரமுடையோரைக் குள்ளத்தன்மை என்னும் வகையில் சேர்க்கிறது. 152 செ.மீ. பெண் எந்த வகையிலும் வரமாட்டார். வரவும் தேவையில்லை, அவரிடம் குறையேதுமில்லை. சட்டத்தின் பார்வையில் இயல்பானவர், வண்டியின் பார்வையில் விதிவிலக்கு.

பொறுப்பு திரும்ப வேண்டிய இடம் தொழிற்சாலை. சஸ்பென்ஷனையும் ஸ்டாண்டையும் விளக்கையும் ஒருசேரத் திருத்திச் சோதித்து, முறையான அனுமதியோடு தாழ்ந்த வடிவத்தை விற்கக்கூடியவர்கள் அவர்களே. கேடிஎம் 2023இல் 390 அட்வெஞ்சரை 830 மி.மீ. இருக்கையோடு இந்தியாவில் வெளியிட்டது, 855 மி.மீ. வண்டி வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின். தாழ்ந்த இருக்கையையும் மென்மையான ஸ்பிரிங்கையும் தனி உதிரியாக விற்காமல், வண்டி வாங்கும் நாளிலேயே கூடுதல் விலையின்றித் தேர்ந்துகொள்ள விடுவது பெரிய பொறியியல் சாதனையன்று. விவரப்பட்டியலில் இருக்கை உயரத்துக்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: ஒரு பாதத்திலிருந்து இருக்கையின் மேலாக மறு பாதம் வரையிலான வளைவின் நீளம். சில ஐரோப்பிய நிறுவனங்கள் அந்த அளவை நெடுங்காலமாகவே அச்சிட்டுவருகின்றன.