வித்தா என்னங்க தப்பு?

"நாங்க சும்மா குடுத்ததை நீங்க வித்துக் காசு பாப்பீங்களா? வெக்கமா இல்ல?"

2025 டிசம்பர்ல எங்க காலேஜ் மாடிப்படிக்குக் கீழ நின்னுக்கிட்டு ஒரு சீனியர் அண்ணன் என்னைக் கேட்ட கேள்வி இது. சுத்தி இருபது பேர். எல்லார் மூஞ்சியிலயும் 'அதானே?'. அன்னிக்கு எனக்குப் பதில் வரலை. (எனக்கு எப்பவுமே பஸ் ஏறின அப்புறம்தான் பதில் தோணும்.) அதனால இந்தப் பதிவு.

நடந்தது இதுதான். நவம்பர் கடைசியில டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுச்சு. 600 பேருக்கு மேல செத்துப் போனாங்க. கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலையே சரிஞ்சு வீடுங்க மேல விழுந்துச்சு. எங்க காலேஜ்ல (பேர் வேண்டாம், தாம்பரம் பக்கம்னு வெச்சுக்கங்க) 'இலங்கைக்கு உதவுவோம்'னு கிளம்பினோம். ரெண்டு திட்டம். ஒண்ணு, பழைய துணி, பை, பாத்திரம் சேகரிக்கிறது. இன்னொண்ணு, படம் வரையற பசங்களை வெச்சு ஒரு ஓவியக் கண்காட்சி. வித்த காசு நிவாரணத்துக்கு.

மூணே நாள்ல ஒரு ரூம் நிறைய மூட்டை. அதை எப்படிக் கடல் தாண்டி அனுப்புறதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. "கேட்டுக்கிட்ட ஒரு கடை போட்டு வித்துடலாம், காசை அனுப்பலாம்"னு நான் வாயைத் திறந்தேன். அதுக்குத்தான் மேலே சொன்ன அர்ச்சனை.

இப்ப பதில்.

முதல்ல ஒரு கேள்வி. உங்க தெருவுல 'பழைய துணிக்குப் பாத்திரம்'னு கூவிக்கிட்டு ஒரு அக்கா வர்றாங்களா இல்லையா? சேலையூர்ல எங்க தெருவுக்கு வருவாங்க. எங்கம்மா நாலு பேண்ட்டு, ரெண்டு சேலை எடுத்துக் குடுத்து, அரை மணி நேரம் பேரம் பேசி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்குவாங்க. அந்த அக்கா அந்தத் துணியைத் தரம் பிரிச்சு விப்பாங்க. அது அம்மாவுக்கும் தெரியும். யாரும் அவங்களைப் பார்த்து 'வெக்கமா இல்ல?'ன்னு கேட்டதில்லை. நமக்குப் பக்கெட் கிடைச்சா வியாபாரம். யாரோ ஒருத்தருக்குச் சோறு கிடைக்கணும்னு வித்தா மட்டும் துரோகமா? என்ன சார் உங்க நியாயம்!

'வித்தா புனிதம் போயிடும், அப்படியே குடுத்தாத்தான் தர்மம்'னு சொல்றவங்களுக்கு ரெண்டு சம்பவம் சொல்றேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி. நாடு முழுக்க இருந்து தமிழ்நாட்டுக் கரைக்கு லாரி லாரியா பழைய துணி வந்துச்சு. நாகப்பட்டினத்து வெயில்ல இருக்கற மீனவக் குடும்பங்களுக்கு ஸ்வெட்டர் வந்துச்சு. வேணும்னு ஒருத்தரும் கேட்கலை. யாரும் எடுக்காம ரோட்டோரம் மலை மாதிரி கிடந்து நனைஞ்சுது. வீடு போன ஜனங்களைப் பார்க்க வேண்டிய ஆளுங்க துணியைப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதாப் போச்சு. கடைசியில டெல்லியில இருந்து வந்த கூஞ்ச் அமைப்பு அந்தத் துணியை எடுத்துத் தரம் பிரிக்கற வேலையில இறங்குச்சு. கூஞ்ச் ஆரம்பிச்ச அன்ஷு குப்தாவுக்கு 2015-ல மகசேசே விருது குடுத்தாங்க. அவங்க பருத்தித் துணியைச் சுத்தம் பண்ணி நாப்கின் ஆக்குறாங்க. கிராமத்து ஜனங்க ஒரு கிணறு வெட்டினா, ஒரு ரோடு போட்டா, அதுக்குப் பதிலா துணி குடுக்கறாங்க. கவனிங்க, அங்கேயும் சும்மா இல்லை. வாங்கறவங்க தலை நிமிர்ந்து வாங்கணும்னுதான் அந்த ஏற்பாடே.

ரெண்டாவது நம்ம ஊர்க் கதை. 2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. முடிச்சூர்ல எங்க சித்தி வீட்டுல தரைத்தளம் முழுக்கத் தண்ணி. நான் அப்போ சின்னப் பையன். தண்ணி வடிஞ்ச பிறகு ஒரு நாள் நிவாரணம்னு ஒரு லாரி வந்துச்சு. சரியா நிறுத்தக்கூட இல்லை, மூட்டையைத் தள்ளிவிட்டுட்டுப் போய்க்கிட்டே இருந்தாங்க. பிரிச்சுப் பார்த்தா கிழிஞ்ச ஜாக்கெட், ஜிப் போன பேண்ட்டு, ஒத்தைக்கால் ஷூ. யாரோ கல்யாண ரிசப்ஷனுக்குப் போட்ட கோட்டு ஒண்ணு வேற. சித்திக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது குடிக்கத் தண்ணி, கொசுவத்தி, நாப்கின். அந்த ஜாக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு, "நம்மளை என்னன்னு நெனச்சுட்டாங்கடா?"ன்னாங்க. திட்டலை, அழலை. அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு அது இன்னும் மறக்கலை.

அதே ஜாக்கெட்டை நான் பதுளைக்கு அனுப்பணுமா?

இன்னொண்ணு யோசிங்க. இலங்கையோட பெரிய ஏற்றுமதிச் சரக்கே ரெடிமேட் துணிதான். உலகத்துக்கே சட்டை தைச்சு அனுப்பற ஊருக்கு, தாம்பரத்துல இருந்து நைஞ்சு போன டீ சர்ட்டைக் கப்பல் ஏத்தறதா? காசா அனுப்பினா அங்கே இருக்கறவங்க என்ன வேணுமோ அதை அங்கேயே வாங்கிப்பாங்க. அந்த ஊர்க் கடைக்காரருக்கும் நாலு காசு போகும். அவரு கடைக்குள்ளயும்தானே தண்ணி வந்திருக்கும்?

'அப்ப 2022-ல தமிழ்நாடு அரசு பொருளாத்தானே அனுப்புச்சு?'ன்னு ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துன்னு அறிவிச்சாங்க. மே மாசம் சென்னைத் துறைமுகத்துல இருந்து முதல் கப்பல் போச்சு. ஆனா அப்போ இலங்கையில டாலரே இல்லை. ஏப்ரல்லயே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. கையில ரூபாய் இருந்தாலும் கடையில பால் பவுடர் இல்லை. அதனால பால் பவுடர் போனதுதான் சரி. என்ன இல்லைன்னு பார்த்து அனுப்பினாங்க. நாம நம்ம அலமாரியில என்ன கூடுதலா இருக்குன்னு பார்த்து அனுப்பறோம். வித்தியாசம் அங்கதான் இருக்கு.

இந்தக் 'கடை போட்டு விக்கற' ஐடியா என்னோடது இல்லைங்க. 1942-ல, ரெண்டாம் உலகப் போர் நடுவுல, கிரீஸ் நாட்டுல ஜனங்க பட்டினியில சாகறாங்கன்னு இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு ஊர்க்காரங்க ஒரு கமிட்டி ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னால ஆக்ஸ்ஃபாம். போர் முடிஞ்ச பிறகு வந்து குவிஞ்ச பொருளை விக்கறதுக்காக 1940-களோட கடைசியில பிராட் ஸ்ட்ரீட்ல ஒரு கடையைப் போட்டாங்க. இன்னிக்கு பிரிட்டன்ல அந்த மாதிரி அவங்க கடை நூத்துக்கணக்குல இருக்கு. பழைய புத்தகம், கோட்டு, பீங்கான் தட்டு எல்லாம் காசா மாறி வெளிநாட்டுக்குப் போகுது. அந்த அமைப்போட உதவி 1951-ல பீகார் பஞ்சத்துக்கு வந்துச்சு. அதாவது அவங்களுக்கு 'வெளிநாடு' நாமதான். 'நம்ம ஊர்லயே ஆயிரம் கஷ்டம், எதுக்கு வெளிநாட்டுக்கு?'ன்னு கேட்கற நண்பர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கணும். ஆக்ஸ்ஃபோர்டுலயும் அன்னிக்கு ரேஷன்தான். நமக்கு இலங்கை அவ்வளவு தூரம்கூட இல்லை. மலையகத்துல மண்ணுக்குள்ள போன லயன் வீடுகள்ல இருந்தவங்க யாரு? ரெண்டு நூற்றாண்டுக்குள்ள நம்ம ஜில்லாக்கள்ல இருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனவங்களோட பேரப்புள்ளைங்க.

இன்னொரு லாபமும் இருக்கு. நல்ல சட்டையை 20 ரூபாய்க்கு கேட்டுக்கிட்ட வெச்சா, கட்டட வேலைக்கு வந்த அண்ணனும் ஹாஸ்டல் பையனும் புரட்டிப் பார்த்து, சைஸ் பார்த்து, பேரம் பேசி வாங்குவாங்க. யாரும் கை நீட்ட வேண்டாம், யாரும் போட்டோவுக்கு நிக்க வேண்டாம்.

அடுத்து ஓவியக் கண்காட்சி. இதுல எனக்கு நேரெதிர் சண்டை. துணியை விக்காதேன்னு கத்தின அதே கும்பல், படத்தைச் சும்மா குடுன்னு வாங்கினாங்க. எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி ரெண்டு வாரம் ராத்திரி முழிச்சு வரைஞ்ச படம். கேன்வாஸ், பெயிண்ட், பிரேம் எல்லாம் அவ காசு. அந்தச் செலவைவிடக் கம்மியா ஒரு விருந்தினர் அதை வாங்கிட்டுப் போனார். மேடையில அவருக்குப் பொன்னாடை, கைத்தட்டல், 'வள்ளல்' பட்டம். வரைஞ்சவ கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தா. அவ பேரைக்கூட யாரும் சொல்லலை. கணக்குப் போடுங்க: தானம் பண்ணினது யாரு? மலிவா படம் வாங்கினவரா, மொத்தத்தையும் இழந்தவளா?

கிழக்குத் தாம்பரத்துல பஸ் ஏறி மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா ஈசிஆர் போனா ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கு. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வரா இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-ல ஆரம்பிச்சது. படம் வித்துப் பொழைக்க முடியாத காலம் அது. அவங்க யார்கிட்டயும் கையேந்தலை. பாடிக் துணி மாதிரி கைவினைப் பொருள் செஞ்சாங்க, வித்தாங்க, அந்தக் காசுல நிலம் வாங்கினாங்க, மிச்ச நேரத்துல படம் வரைஞ்சாங்க. விக்கறதுல அவங்களுக்கு வெக்கம் இல்லை. அதனாலதான் கலையும் பொழைச்சுது, ஆளும் பொழைச்சாங்க. கலைக்கு ஒரு விலை இருக்குன்னு ஒத்துக்கிட்டாத்தான் அதைத் தானமா குடுக்கறது பெரிய விஷயமாகும். முதல்ல வரைஞ்சவங்களுக்குச் செலவுக் காசைக் குடுங்க. மிச்சம் நிவாரணத்துக்கு. வேண்டாம், முழுசையும் குடுக்கறேன்னு அவ சொன்னா, பொன்னாடையை அவளுக்குப் போடுங்க.

கடைசியா, கணக்கு. விக்கறதுல ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல வரலை. காசு வந்தா கை நீளும். பெரிய பேரு இருந்தாலும் தப்பு நடக்கும். 2010 பூகம்பத்துக்கு அப்புறம் ஹைட்டியில ஆக்ஸ்ஃபாம் ஊழியர்கள் சிலர் பண்ணின அசிங்கம் 2018-ல வெளிய வந்தப்ப, மாசாமாசம் பணம் தந்துக்கிட்டிருந்த ஆயிரக்கணக்கான பேர் விலகினாங்க. சரிதான். கேள்வி கேட்கணும். ஆனா மூட்டையா குடுத்தா கேள்வி கேட்கவே வழி இல்லையே! மூட்டை எங்கே போச்சுன்னு யாருக்குத் தெரியும்? காசுன்னா ரசீது உண்டு, வரவு உண்டு, செலவு உண்டு.

அதோட, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பறது நம்ம இஷ்டம் இல்லை. வரிவிலக்கு வாங்கற இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்குள்ளதான் செலவு பண்ணணும்ங்கறது பொது விதி. வெளிய செலவு பண்ணினா அந்த விலக்குக்கு வருமான வரித் துறையோட தனி அனுமதி வேணும். ஆகவே 'என் கசின் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, அவன் பார்த்துப்பான்'ங்கற ஏற்பாடு எல்லாம் வேலைக்கு ஆகாது. (ஆமா, எங்க காலேஜ்ல அதுதான் நடந்தது. ஓவியம் வித்த காசோட கணக்கை நான் இன்னும் பார்க்கலை. மூணு தடவை கேட்டாச்சு.) முறையான அனுமதி இருக்கற அமைப்பை முதல்ல தேடிப் பிடிக்கணும். அப்புறம்தான் பேனர் அடிக்கணும்.

அந்த மூட்டையெல்லாம் என்னாச்சுன்னு கேட்கறீங்களா? விக்கவும் விடலை, அனுப்பவும் முடியலை. மாடிப்படிக்குக் கீழ கிடந்துச்சு. அடுத்த மழையில நனைஞ்சுது. நாத்தம் தாங்காம ஹவுஸ்கீப்பிங் அக்காங்க ரெண்டு நாள் கஷ்டப்பட்டு அள்ளிக் குப்பை வண்டியில ஏத்தினாங்க. அவங்ககிட்ட மட்டும் முன்னாடியே 'உங்களுக்கு எது வேணும், எடுத்துக்கங்க'ன்னு கேட்டிருந்தாக்கூட பாதி ரூம் காலியாகியிருக்கும். இலங்கைக்கு ஒரு நூல்கூடப் போகலை.

அண்ணே, நீங்க கேட்டீங்களே, வெக்கமா இல்லையான்னு. அந்த வண்டி கேட் தாண்டிப் போகும்போது இருந்துச்சு. ரொம்பவே இருந்துச்சு.

டிஸ்கி: அடுத்த தடவை கடை போடறது உறுதி. துணியைத் துவைச்சு, ஜிப் தைச்சுக் கொண்டு வாங்க. உங்க தங்கச்சி போட்டுக்குவாளான்னு ஒரு தடவை பார்த்துட்டுக் குடுங்க. ஒத்தைக்கால் ஷூவை வீட்டுலயே வெச்சுக்கங்க :)